இறால் நோய்: குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது யார்?

கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்திற்கு அருகில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளின் தமிழ்த் தோழர்கள் கூடும் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் சூடான விவாதம் ஒன்று நடந்தது. எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்காவின் இறக்குமதி வரி. 2025 ஆகஸ்டில் டிரம்ப் நிர்வாகம் இந்தியப் பொருள்களின் மீது ஐம்பது சதவீத வரியைச் சுமத்தியபோது முதலில் அடிவாங்கிய தொழில்களில் ஒன்று இறால். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், நாகை மாவட்டத்தில் உறவினர்களைக் கொண்ட தோழர் ஒருவர் எழுந்து, “வரி வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் குளங்கள் செத்துப்போய்விட்டன, நோயைப் பற்றி நமது கட்சி ஏன் பேசுவதில்லை?” என்று கேட்டார்.

இரண்டு பதில்கள் உடனே வந்தன. “இறால் ஏற்றுமதி முதலாளிகளின் பண்டம். அதற்கு நோய் வந்தால் கவலைப்பட வேண்டியவர்கள் அவர்கள்” என்றார் ஒருவர். “இறால் பண்ணைகளையே மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி எத்தனை ஆண்டுகளாயிற்று! நோய் வந்து அழிந்தால் அழியட்டும்” என்றார் இன்னொருவர். இரண்டுமே இடதுசாரிக் குரலில் சொல்லப்பட்டவை. இரண்டுமே தவறு என்பது எனது கருத்து. அன்று நேரமின்மையால் முழுமையாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். மும்பையில் இருப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி: தலோஜா தொழிற்பேட்டையின் குளிர்ந்த கூடங்களில் இறால் உரிக்கும் பெண்கள் நமது நகரத்துத் தொழிலாளர்களே. குளத்தில் இறால் செத்தால் இங்கே வேலை நாள் குறையும்.

முதலில் நோயைப் பற்றி. வெண்புள்ளி நோய் ஒரு வைரஸால் வருவது. 1990களின் தொடக்கத்தில் தைவானிலும் சீனாவிலும் தலைகாட்டி, 1994-95இல் நமது கிழக்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. ஒரு குளத்தில் புகுந்தால் மூன்று முதல் பத்து நாள்களுக்குள் ஏறத்தாழ எல்லா இறால்களையும் கொன்றுவிடும். மருந்து கிடையாது. மனிதருக்கும் மாட்டுக்கும் போடுவதைப் போலத் தடுப்பூசி போடவும் வழியில்லை. நோயை நினைவில் வைத்துக்கொண்டு எதிர்க்கும் தற்காப்பு அமைப்பு இறாலின் உடலில் நம் உடலில் உள்ளதுபோல் அமையவில்லை. வைரஸ் புகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. அடுத்து, கடந்த பத்தாண்டுகளாகப் பண்ணையாளர்களை மெல்லக் கொல்லும் நோய் ஒன்று உண்டு. இ.எச்.பி. என்று அனைவரும் சொல்லும் இந்த நுண்ணொட்டுண்ணி இறாலின் கல்லீரல் போன்ற உறுப்பில் குடியேறுகிறது. இறால் சாவதில்லை, வளர்வதில்லை, அவ்வளவுதான். நூறு நாளில் எட்ட வேண்டிய எடையில் பாதியை எட்டி நின்றுவிடும். அதன் வித்துகள் குளத்து மண்ணிலேயே தங்கி அடுத்த விளைச்சலுக்குக் காத்திருக்கும். இதற்கும் மருந்து இல்லை.

இந்த இரண்டு நோய்களில் எது பண்ணையாளருக்குக் கொடியது என்று கேட்டால் பலரும் வெண்புள்ளி என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. வெண்புள்ளி வந்தால் குளம் செத்துவிடுகிறது. தீவனச் செலவும் அன்றே நின்றுவிடுகிறது. இ.எச்.பி. வந்த குளத்திலோ, நாளை வளரும், நாளை மறுநாள் வளரும் என்ற நம்பிக்கையில் மூட்டை மூட்டையாகத் தீவனம் போய்க்கொண்டே இருக்கும். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான். அந்தத் தீவனமும் கடனில் வாங்கியது. இறால் வளராத குளத்திலும் தீவன நிறுவனத்தின் விற்பனை நடக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், இறால் நோய்களால் நாடு ஆண்டுக்கு இழப்பது ஏறத்தாழ நூறு கோடி டாலர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதே நமது கேள்வி.

நோய் எப்படிப் பரவுகிறது என்பதைக் கடற்கரை கிராமத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஓர் உப்பாறு, அதன் இரு கரையிலும் அடுத்தடுத்துக் குளங்கள். எல்லோரும் அதே ஆற்றிலிருந்து தண்ணீரை இறைக்கிறார்கள்; எல்லோரும் கழிவுநீரை அதே ஆற்றில் விடுகிறார்கள். ஒருவர் குளத்தில் வெண்புள்ளி வந்ததும் கிடைத்ததை அவசரமாக அறுவடை செய்து விற்றுவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார். குளோரின் போட்டுச் சில நாள்கள் வைத்திருந்த பிறகே திறக்க வேண்டும் என்பது விதி. குளோரினுக்குப் பணம் வேண்டும். காத்திருந்தால் குத்தகைக் காலம் ஓடுகிறது. திறந்துவிடப்பட்ட தண்ணீர் அடுத்த ஓதத்தில் பத்துக் குளங்களுக்குள் ஏறுகிறது. நண்டும் நாரையும் எஞ்சிய வேலையைச் செய்து முடிக்கின்றன.

கிங்ஸ் சர்க்கிளில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காந்தி மார்க்கெட்டில் இடுப்பளவுத் தண்ணீர் தேங்கும்போது கடைக்காரர் செய்யக்கூடியதெல்லாம் வாசற்படியை ஓரடி உயர்த்துவதுதான். அவர் உயர்த்தினால் தண்ணீர் பக்கத்துக் கடைக்குப் போகும். எல்லோரும் உயர்த்தினால் தெருவில் மட்டம் ஏறும். வடிகாலும் பம்பும் மாநகராட்சியின் வேலை. கடைக்காரர்களின் அலட்சியத்தால்தான் வெள்ளம் வருகிறது என்று மாநகராட்சி ஆணையர் அறிக்கை விட்டால் மாட்டுங்கா மக்கள் சிரிப்பார்கள். இறால் பண்ணையாளரிடம் ஒன்றிய அரசு பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். பயிற்சி முகாம்களிலும் துண்டறிக்கைகளிலும் ஒரே பல்லவி: சோதித்த குஞ்சை வாங்கு, வேலி போடு, பறவை வலை கட்டு, தேக்கக் குளம் வெட்டு, கழிவுநீர்த் தொட்டி கட்டு, சதுர மீட்டருக்கு அறுபது குஞ்சுக்கு மேல் விடாதே. ஒவ்வொன்றும் அறிவியல்பூர்வமாகச் சரியானதே. அதை நாம் மறுக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொன்றும் தனி மனிதன் தன் பணத்தில், தன் நிலத்தில் செய்ய வேண்டியதாகவே சொல்லப்படுகிறது. நாட்டின் இறால் பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டு எக்டேருக்கு உட்பட்டவை. ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவர் அதில் தேக்கக் குளத்துக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடம் ஒதுக்கிவிட்டால் இறால் வளர்க்க மிஞ்சுவது எவ்வளவு? விதியை எழுதியவருக்கும் இது தெரியும். மீற வைத்துவிட்டு, மீறியவன் குற்றவாளி என்று சொல்வதற்கு வசதியான விதி இது.

இந்தத் தொழிலில் நோய் வந்தாலும் வராவிட்டாலும் பணம் பெறுபவர்களைப் பாருங்கள். குஞ்சு பொரிப்பகம் குஞ்சை விற்ற அன்றே தன் கணக்கை முடித்துவிடுகிறது. முப்பதாம் நாள் இறால் செத்தால் அதற்குப் பொறுப்பில்லை. தீவனம், மருந்து, ‘புரோபயாடிக்’ என்ற பெயரில் விற்கப்படும் எண்ணற்ற டப்பாக்கள் எல்லாம் முகவரின் கடைக்கணக்கில் ஏறுகின்றன. வங்கிகள் ஒதுங்கி நிற்பதால் முகவரே கடன் கொடுப்பவர். கடன் கொடுத்ததால் அறுவடையை அவர் சொல்லும் விலைக்கு அவர் சொல்லும் ஆளிடமே விற்க வேண்டும். நோய் வந்துவிட்டது என்ற செய்தி பரவினால் விலை இன்னும் இறங்கும். அவசர அறுவடையை அடிமாட்டு விலைக்கு வாங்கும் ஆட்கள் லாரியோடு வருவார்கள். நோய் இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைத்தான் அறுக்கிறது. அந்தக் கண்ணி சிறு பண்ணையாளரும், அவருக்குக் கீழே குளக்கரைக் கொட்டகையில் குடும்பத்தோடு தங்கி இரவெல்லாம் ஏரியேட்டரைக் காவல் காக்கும் கூலித் தொழிலாளியும். முகக்கவசமின்றிக் குளோரினைக் கையால் வீசும் அந்தத் தொழிலாளி ‘உயிரியல் பாதுகாப்பு’ பற்றிய எந்தத் துண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. குளம் செத்தால் அவருக்கு அன்றோடு வேலை போயிற்று.

ஆகவே, “இது முதலாளிகளின் கவலை” என்ற தோழருக்கு எனது பதில்: முதலாளிகள் கவலைப்படவில்லை, கவலையைக் கீழே தள்ளிவிட்டார்கள்.

இரண்டாவது தோழரின் வாதம் வரலாற்றிலிருந்து வருகிறது. அதற்கு மரியாதை கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில், தாராளமயம் திறந்துவிட்ட வாசல் வழியே பங்குச் சந்தையில் பணம் திரட்டிய நிறுவனங்கள் கீழத்தஞ்சைக் கடற்கரையில் இறங்கின. உலக வங்கி 1992இல் ஆந்திரம் உள்ளிட்ட மாநிலங்களில் இறால் வளர்ப்புக்கெனத் தனித் திட்டமே தொடங்கியது. அன்றைய நாகை காயிதே மில்லத் மாவட்டத்தில், வெண்மணித் தியாகிகள் நாற்பத்து நால்வர் எரிந்த அதே மண்ணில், நெல் வயல்கள் உப்புக் குளங்களாயின. குடிநீர்க் கிணறுகள் உவர்ப்பாயின. விவசாயக் கூலிகள் வேலை இழந்தார்கள். மீனவர்கள் கடலுக்குப் போகும் பாதை மறிக்கப்பட்டது. எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும். நம் முகாமைச் சேர்ந்தவர்கள் அல்லர்; நிலப் பிரச்சினையில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனாலும் அந்தப் போராட்டத்தின் பெருமையை மறைப்பது நேர்மையாகாது. 1994இல் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை, பாரம்பரிய முறைப் பண்ணைகள் நீங்கலாக, 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். வேலை இழக்கும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு கூடுதலாக ஆறு ஆண்டு ஊதியம் தர வேண்டும். தீர்ப்பின் இந்த இரண்டாம் பகுதியை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை.

தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை. மறுஆய்வு மனுக்களின் பேரில் இடிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் 2005ஆம் ஆண்டின் கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டம், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை மீன்வளர்ப்புக்குப் பொருந்தாது என்பதை 1991 பிப்ரவரி 19 முதலே, அதாவது அறிவிக்கை வெளியான நாளிலிருந்தே, செல்லும்படி திருத்தி எழுதியது. நீதிமன்றம் குற்றம் என்றதைப் பதினான்கு ஆண்டு பின்னோக்கிச் சென்று குற்றமில்லை என்றாக்கிய சட்டம் அது. அன்றைய ஒன்றிய அரசு இடதுசாரிகளின் வெளி ஆதரவில் நின்ற அரசு என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. வேலை உறுதிச் சட்டத்துக்காக அந்த ஆண்டில் நாம் காட்டிய விழிப்பில் ஒரு பங்கை இதற்கும் காட்டியிருக்கலாம்.

பாஜக அரசு அடுத்த அடியை எடுத்து வைத்தது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய திருத்தம், பதிவின்றிப் பண்ணை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்றிருந்ததை நீக்கி அபராதமாக்கிற்று. உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள், வளர்ச்சித் தடை மண்டலத்திலேயே, குஞ்சு பொரிப்பகங்களும் தாய் இறால் பெருக்க நிலையங்களும் அமைக்கலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது. சிறு பண்ணையாளர் சிறைக்குப் போகாமலிருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அபராதம் என்பது பெரிய நிறுவனத்திற்கு இன்னொரு செலவுக் கணக்கு. ஓர் ஏக்கர்க் குத்தகைக்காரருக்கு ஓராண்டு வருமானம்.

இத்தனைக்கும் பிறகு, பண்ணைகளை மூடு என்பது தீர்வாகுமா? 1996இல் எதிரே நின்றவை நிறுவனங்கள். வெண்புள்ளி வந்ததும் அவற்றில் பல கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. கடனையும் உப்பேறிய மண்ணையும் விட்டுச் சென்றன. அந்தக் குளங்களில் பின்னர் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சிறு உடைமையாளர்களும் குத்தகைக்காரர்களும். நெல்லுக்குத் திரும்ப முடியாத மண்ணில் நிற்பவரிடம் போய், உன் குளம் நோயில் அழியட்டும் என்று சொல்லும் கட்சி அந்தக் கிராமத்தில் இரண்டாம் முறை கொடியேற்ற முடியாது. வயலை, குடிநீரை, சதுப்புநிலக் காட்டை அழித்துப் புதிய பண்ணை வருவதை எதிர்ப்போம். அதில் தயக்கம் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் குளங்களின் நீரும் நோயும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த எதிர்ப்பு பதிலாகாது.

இங்கே ஆன்டிபயாடிக் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெண்புள்ளி வைரஸ் நோய், இ.எச்.பி.யும் பாக்டீரியா அல்ல. ஆன்டிபயாடிக் இரண்டுக்கும் பயன்படாது. ஆயினும் குளக்கரையில் அது புழங்குகிறது. ஏன்? கடன் கழுத்தை நெரிக்கும்போது கடைக்காரர் கொடுக்கும் டப்பாவை மறுக்கும் துணிவு யாருக்கு இருக்கும்? டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கிராமத்தில் கால்நடைக்கு மருத்துவர் உண்டு. மீனுக்கும் இறாலுக்கும் மருந்து முகவரே மருத்துவர். குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்றவை மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. எச்சம் கண்டுபிடிக்கப்படும் சரக்கை ஐரோப்பாவும் அமெரிக்காவும் திருப்பி அனுப்புகின்றன. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவின் வளர்ப்பு இறால் சரக்கில் பாதியைச் சோதித்தே உள்ளே விடுகிறது. அவர்களின் கண்டிப்பில் வணிகப் போட்டியின் கள்ளத்தனம் கலந்திருப்பது உண்மையே. எனினும் தாராவி கோலிவாடாச் சந்தையில் கூறு கட்டி விற்கும் வளர்ப்பு இறாலை வாங்கிச் செல்லும் தோல் பட்டறைத் தொழிலாளியின் சட்டிக்கு அந்தக் கண்டிப்பில் கால்பங்காவது உண்டா? வெளிநாட்டு நுகர்வோருக்கு ஆய்வகம். உள்நாட்டுத் தொழிலாளிக்குக் கடவுள் என்ற ஏற்பாட்டை நாம் ஏன் ஏற்க வேண்டும்? மருந்தை எதிர்க்கும் கிருமிகள் அந்தக் குளத்தோடு நிற்பதில்லை. சயான் மருத்துவமனையின் வார்டு வரை வரும்.

நோய்த் தடுப்பின் தொடக்கம் தாய் இறால். 2009இல் அமெரிக்க வெள்ளை இறாலான வன்னாமி இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்றது என்ற சான்றோடு ஹவாய், புளோரிடா நிறுவனங்களிடமிருந்து தாய் இறால்கள் விமானத்தில் வருகின்றன. சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்டுப் பொரிப்பகங்களுக்குப் போகின்றன. இந்த ஏற்பாடு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் கடலில் பிடித்த வரி இறால் தாயின் வழியாகவே வெண்புள்ளி குளம் குளமாகப் பரவியது. ஆனால் ‘கிருமியற்றது’ என்றால் ‘நோய் வராதது’ என்று பொருளல்ல. சான்று நிலையத்தின் வாசல் வரைதான். உப்பாற்றில் இறங்கியதும் அது மற்ற இறாலைப் போன்றதே. விற்பவர்கள் இந்த வேறுபாட்டை உரக்கச் சொல்வதில்லை. 43,334 கோடி ரூபாய்க்கு உறைந்த இறாலை 2024-25இல் ஏற்றுமதி செய்த நாடு, அதன் விதைக்கு அந்நிய நிறுவனங்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நமது சொந்த வெள்ளை இறாலைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. ஒதுக்கீடு 25 கோடி. இறக்குமதித் தாய் இறாலுக்கும் தீவனத்திற்கும் சுங்க வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் ஐந்து சதவீதமாகக் குறைத்தார்கள். சுயசார்பு பாரதத்தின் இலட்சணம் இது! பிரதமரின் பெயரில் 20,050 கோடித் திட்டம் அறிவித்து, 2024-25க்குள் கடல் உணவு ஏற்றுமதியை ஒரு லட்சம் கோடியாக்குவோம் என்றார்கள். அந்த ஆண்டில் எட்டியது 62,408 கோடி.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்கள் நார்வேயையும் சிலியையும் பார்க்கலாம். நார்வே சோஷலிச நாடு அல்ல. அதனால்தான் அந்த எடுத்துக்காட்டு பயனுள்ளது. 1980களின் பிற்பகுதியில் அங்கே சால்மன் பண்ணைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது டன் ஆன்டிபயாடிக் கொட்டப்பட்டது. தடுப்பூசி, பண்ணைகளுக்கிடையே கட்டாய இடைவெளி, ஒரு பகுதியின் பண்ணைகள் அனைத்தையும் ஒரே காலத்தில் காலியாக வைத்திருத்தல், கால்நடை மருத்துவரின் சீட்டின்றி மருந்தில்லை என்ற விதி, நோயை மறைத்தால் தண்டனை ஆகியவற்றால், உற்பத்தி பன்மடங்கு பெருகிய பின்னும் மருந்தின் அளவு மிகச் சிறிய பங்காகச் சுருங்கியது. அதே நார்வே முதலாளிகள் சிலியில் பிடி தளர்ந்த கடலில் கூண்டுகளை நெருக்கி நெருக்கி வைத்தார்கள். 2007இல் சால்மன் இரத்தசோகை வைரஸ் வெடித்தது; உற்பத்தி சரிந்தது; ஆயிரக்கணக்கான சிலித் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மீன் ஒன்று, முதலாளி ஒன்று. கண்காணிக்கும் அரசு வேறு. தடுப்பூசியே போட முடியாத இறாலுக்கு இந்தக் கூட்டு ஒழுங்கு இன்னும் எத்தனை மடங்கு தேவை!

வெளிநாடு வரை போகவும் வேண்டாம். ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் மொகல்தூரு என்ற ஊர். 2000களின் தொடக்கத்தில் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், ஆசிய மீன்வளர்ப்பு நாடுகளின் கூட்டமைப்போடு சேர்ந்து அங்கே ஒரு சோதனை நடத்தியது. ஒரே வாய்க்காலைப் பயன்படுத்தும் சிறு பண்ணையாளர்கள் ஒரு குழுவானார்கள். குளம் காயவைப்பதும் குஞ்சு விடுவதும் ஒரே காலத்தில். பொரிப்பகத்தோடு கூட்டாகப் பேரம் பேசி, சோதித்த குஞ்சை மட்டும் வாங்கினார்கள். யார் குளத்தில் நோய் வந்தாலும் மறைக்காமல் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தண்ணீரைத் திறக்கக் கூடாது. நோய் குறைந்தது, விளைச்சல் கூடியது, தடை செய்யப்பட்ட மருந்தின் தேவையே எழவில்லை. அந்த அனுபவத்தின் மீதுதான் 2007இல் நிலைத்த மீன்வளர்ப்புக்கான தேசிய மையம் தொடங்கப்பட்டு, கடற்கரை மாநிலங்களில் பண்ணையாளர் சங்கங்கள் உருவாயின. வன்னாமி வந்து, கடனும் பேராசையும் பெருகியபோது அந்தச் சங்கங்கள் பின்தள்ளப்பட்டன. கூட்டுப் பேரத்தை எந்த முகவர் விரும்புவார்?

மொகல்தூரு நமக்குச் சொல்வது மிக முக்கியமானது. தண்ணீர் பொதுவாக இருப்பதால் நோய் பொதுவானது. எனவே தடுப்பும் பொதுவாகத்தான் இருக்க முடியும். தனியுடைமைக் குளங்களின் கரையிலேயே கூட்டுழைப்பின் அவசியத்தை வைரஸ் கற்றுக்கொடுத்திருக்கிறது. கற்றவர்களுக்கு அமைப்பு கொடுக்க வேண்டிய விவசாய இயக்கம் அங்கே இல்லாமற்போனது நமது குறை.

நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களில் நமது விவசாய சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இதிலிருந்தே வருகின்றன. நீரேற்றும் வாய்க்காலும் கழிவு வெளியேற்றும் வாய்க்காலும் தனித்தனியாக, அரசு செலவில் வெட்டப்பட வேண்டும். பொதுக் கழிவுநீர்த் தொட்டியும் அப்படியே. வட்டந்தோறும் அரசு ஆய்வகமும் நீர்வாழ் உயிரின மருத்துவரும் வேண்டும். நமது மும்பை வெர்சோவாவில் 1961 முதல் இயங்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்திலும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் படித்து வெளிவரும் பிள்ளைகள் தீவன நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகளாகத்தான் கடற்கரைக்கு வர வேண்டும் என்பது விதியா? குஞ்சு விற்ற பொரிப்பகம் குறிப்பிட்ட நாள் வரை நோய்க்குப் பொறுப்பேற்க வேண்டும். குத்தகைக்காரருக்கும் பதிவு வேண்டும். பட்டா இல்லாததால் பதிவில்லை, பதிவில்லாததால் கடனில்லை, காப்பீடில்லை, நிவாரணமில்லை என்ற வட்டத்தில்தான் அவர் முகவரின் கையில் விழுகிறார்.

காப்பீடு பற்றித் தனியாக ஒரு சொல். நோய் வந்தால் இழப்பீடு கிடைக்கும் என்ற உறுதி உள்ளவன்தான் நோயை உடனே வெளியில் சொல்வான். ஆகவே காப்பீடு கருணை அல்ல, நோய்த்தடுப்பின் ஒரு கருவி. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 6,000 கோடித் திட்டம் பிரீமியத்தில் நாற்பது சதவீதத்தை, எக்டேருக்கு 25,000 ரூபாய் என்ற உச்சவரம்போடு, ஒரே ஒரு முறை தருகிறது. ஒரு முறைதான்! வைரஸ் ஒரு முறை வந்து போய்விடும் என்று அதற்கு யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அந்த 6,000 கோடியிலும் பாதி தனியார் முதலீடாக வர வேண்டியது. தொழிலாளிக்கு, குளம் செத்ததால் இழந்த நாள்களின் கூலிக்கு, அதில் ஒரு வரியும் இல்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் தொழிலாளியை நினைத்த அளவுக்குக்கூட 2024இன் அமைச்சரவை நினைக்கவில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கிங்ஸ் சர்க்கிள் கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. உறைந்த இறால் ஏற்றுமதி மதிப்பில் நூற்றுக்கு அரை ரூபாயை நோய்த்தடுப்புத் தீர்வையாக ஏற்றுமதியாளரிடம் வசூலித்தால், 2024-25இன் கணக்குப்படி ஏறத்தாழ 216 கோடி. சொந்த வெள்ளை இறாலுக்கு ஒதுக்கிய தொகையைப் போல எட்டு மடங்குக்கு மேல், அதுவும் ஆண்டுதோறும். தீவன நிறுவனங்களின் விற்பனை மீதான பங்கு தனி. அமெரிக்க வரியால் நொடிந்துபோயிருக்கிறோம் என்று ஏற்றுமதியாளர்கள் முறையிடுவார்கள். அந்தச் சுமையைக் குளக்கரை விலையைக் குறைத்து ஏற்கெனவே பண்ணையாளர் தலையில் இறக்கிவிட்டார்கள் என்பதைக் கொள்முதல் விலைகளோடு எடுத்துக்காட்ட வேண்டியது கடற்கரை மாவட்டத் தோழர்களின் வேலை. தலோஜாவில் உரிப்புக் கூலி எவ்வளவு, வேலை நாள் எத்தனை குறைந்தது என்ற கணக்கைத் திரட்டித் தருவது எங்கள் வேலை. அதைத் தொடங்கிவிட்டோம்.